நீலம் படிந்த சாக்கு

என் கணவருக்கு ஸ்ட்ரோக் வந்து இடது கை விழுந்தபோது, ஆஸ்பத்திரியில் ஒரு சிவப்பு ரப்பர் பந்தைக் கொடுத்து அனுப்பினார்கள். காலையில் நூறு தடவை, மாலையில் நூறு தடவை அதை அமுக்க வேண்டும். முப்பது வருடம், எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லோரியை ஓட்டிய மனிதர் அவர். அந்தப் பந்தை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. நான்கு நாள் அமுக்கினார். ஐந்தாம் நாள் பந்து சோபாவுக்கு அடியில் போய்விட்டது. எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் மறுபடியும் அங்கேயே போய்விட்டது. பந்து தானாக உருளுகிறது என்று சாதித்தார்.

எனக்கு வாய் அதிகம். இதை நான் சொல்லாவிட்டாலும் எங்கள் ஊரான பத்தாங் பெர்ஜுந்தாய் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். கவலை வந்தால் எனக்கு அழத் தெரியாது, ஏசத்தான் தெரியும். அந்த மாதங்களில் அவரை நான் ஏசியது கொஞ்சநஞ்சமல்ல. அவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

வீட்டுக்குப் பின்னால், செம்பனைத் தோட்டம் தொடங்கும் இடத்தில், எங்களுக்கு ஒரு சின்னக் கொட்டகையும் இரண்டு கறவை மாடுகளும், கொட்டகையிலேயே கட்டிக்கிடக்கும் அவற்றின் கன்றுகளும் இருந்தன. ஒன்று செவலை. வயதானது, கோபக்காரி, கறக்கும்போது காலைத் தூக்கி உதைப்பாள். இன்னொன்று கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளி போட்ட சீமைக் கலப்பு, பரம சாது. எனக்கும் செவலைக்கும் ஒரே குணம், அதனால்தான் எங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துப்போவதில்லை என்று அவர் சொல்வார். மாடுகள் அவர் ஆசைக்கு வைத்துக்கொண்டவை. கையில் பிடி இல்லாமல் போன பிறகு கறவை வேலை என் தலையில் விழுந்தது. அதற்கும் சேர்த்து ஏசினேன்.

ஒரு நாள் காலை நான் செவலையிடம் உதை வாங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பினால், அவர் புள்ளி மாட்டுக்கு அடியில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். வலது கையால் ஒரு காம்பு, இடது கையால் ஒரு காம்பு. வலது பக்கம் பால் சர்ரென்று வாளியில் விழுந்தது. இடது பக்கம் விரல்கள் மடங்கின, அவ்வளவுதான், ஒரு சொட்டுகூட வரவில்லை. வேறு மாடாக இருந்தால் அந்த அரைகுறைப் பிடியின் கூச்சத்துக்கே உதைத்திருக்கும். புள்ளி திரும்பிப் பார்த்தாள். பிறகு அசை போடத் தொடங்கினாள். அவ்வளவுதான் அவள் செய்தது. ஆனால் அதற்காக அவள் காலைத் தொட்டுக் கும்பிடலாம்போல எனக்கு இருந்தது.

அன்று முதல் அதுதான் அவருடைய மருந்து. நான் அரை மணி நேரத்தில் முடிக்கும் வேலைக்கு அவர் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொள்வார். புள்ளி நின்றுகொண்டே இருப்பாள். இரண்டு மாதம் கழித்து இடது கையில் சொட்டுச் சொட்டாகப் பால் இறங்கியது. இன்னும் ஒரு மாதத்தில் நூல்போல ஒரு கோடு விழுந்தது. அந்தக் கோட்டைப் பார்க்க என்னைக் கூப்பிட்டார். "இந்தா, வா வா, வந்து பாரு" என்று, லாட்டரி விழுந்தவர்போலக் கூப்பிட்டார். கையில் மாவோடு ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு, "இதுக்குப் போயா இந்தக் கூச்சல்" என்று ஏசிவிட்டு உள்ளே வந்து அடுப்படியில் நின்று அழுதேன். சோபாவுக்கு அடியில் இருந்த பந்தை நான் அதற்குப் பிறகு தேடவில்லை.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு நிமிட நடையில் ஒரு பழைய ஈயக் குட்டை இருக்கிறது. ஈயம் தோண்டியவர்கள் என்றைக்கோ போய்விட்டார்கள். பள்ளத்தை மட்டும் விட்டுப் போனார்கள். பெரிய குட்டையில் யாரும் இறங்குவதில்லை. இரண்டடி வைத்தால் மூன்றாவது அடிக்குத் தரை இருக்காது. ஆனால் அதன் ஓரத்தில் மண்மேடு பிரித்துவிட்ட சின்னக் குட்டை ஒன்று உண்டு. ஒரு பூப்பந்து மைதானத்தைவிடக் கொஞ்சம் பெரிது, இடுப்பளவு தண்ணீர். மாட்டுப் பொங்கலன்று எங்கள் மாடுகளை அங்கேதான் இறக்கிக் குளிப்பாட்டுவோம். இறக்குவது அவர் வேலை. கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முதலில் அவர் இறங்குவார், பின்னாலேயே மாடுகள் இறங்கும். கரையில் மஞ்சள், குங்குமம், மாலை வைத்துக்கொண்டு நான் நிற்பேன். முந்தைய வருடம் மாட்டுப் பொங்கலன்று அவர் வார்டில் படுத்திருந்தார். மாடுகளைக் குழாய்த் தண்ணீரில் கழுவி விட்டேன். பண்டிகை மாதிரியே இல்லை.

இந்த வருடம் தன் கையாலேயே இறக்குவேன் என்று தீபாவளியிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்.

டிசம்பர் பாதியில் மழை நின்றது. வழக்கமாக அந்த மாதத்தில் சட்டி சட்டியாகக் கொட்டும். அந்த வருடம் வெயில் கொளுத்தியது, செம்பனை மட்டைகூட அசையவில்லை. சின்னக் குட்டையின் தண்ணீர் முதலில் லேசாகப் பசுமை தட்டியது. பத்து நாளில் பாண்டான் இலையை அரைத்து ஊற்றியதுபோல ஆனது. அதற்குப் பிறகு ஓரங்களில் கெட்டியாக ஆடை கட்டியது, பச்சைப் பெயிண்ட் காய்ந்ததுபோல. நெருங்கினால் ஒரு புழுங்கிய நாற்றம். மாடுகள்கூட மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டன.

பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு அவர் கரையில் நின்று வெகுநேரம் பார்த்தார். "இந்தத் தண்ணியில எறக்க வேணாம்லா. வீட்டுலயே பைப்பு போட்டுக் கழுவிக்கலாம்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் திரும்பி வரும்போது இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். மனம் விட்டுப்போனால் அவர் அப்படித்தான் செய்வார். எனக்குப் பொறுக்கவில்லை.

நான் எஸ்டேட் நர்சரியில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவள். செம்பனை நாற்றுகளுக்குத் தண்ணீர் விடும் குளம் பச்சை பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மயில்துத்தம். எங்கள் பேச்சில் நீல மருந்து. அதைக் கோணிச் சாக்கில் போட்டு வாயைக் கட்டி, இரண்டு பக்கமும் கயிறு கட்டி, இந்தக் கரையில் ஒருத்தியும் அந்தக் கரையில் ஒருத்தியுமாகக் குளத்தின் நீளத்துக்கு இழுத்துக்கொண்டே நடப்போம். சாக்கு போன வழியெல்லாம் தண்ணீர் நீலம் பாரித்துக் கரையும். மூன்று நாளில் குளம் கண்ணாடிபோல ஆகிவிடும். எஸ்டேட் குமாஸ்தாவான கிராணி வந்து எட்டிப் பார்த்து, தன் மீசை தெரிகிறதா என்று பார்ப்பார். அந்த வேலையில் எனக்குப் பெருமை உண்டு. மற்றவர்கள் கட்டினால் சாக்கு பாதியில் அவிழும்; என் முடிச்சு அவிழ்ந்ததில்லை.

ஒரு வித்தியாசம் மட்டும் என் மண்டைக்கு எட்டவில்லை. நர்சரிக் குளத்துத் தண்ணீரை நாற்றுக்குத்தான் ஊற்றினோம். வாய் வைத்துக் குடிக்கிற உயிர் எதுவும் அங்கே வந்ததில்லை.

நர்சரியை மூடியபோது எஞ்சியிருந்த நீல மருந்தில் கொஞ்சம் என் வீட்டுக் கொட்டகையில் இருந்தது. பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு, அவர் மருந்து வாங்கக் கிளினிக்குக்குப் போன நேரம் பார்த்து, சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு போனேன். அந்தக் கரையில் பிடிக்க ஆள் இல்லை. நீளமான கயிறாகக் கட்டி, சாக்கைத் தண்ணீரில் விட்டு, கரையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். ஐம்பத்தெட்டு வயதில், நண்பகல் வெயிலில், ஒரு கழுதையைக் கூட்டிக்கொண்டு போவதுபோல அந்தச் சாக்கை இழுத்தேன். மனசு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கிழவருக்கு ஒரு ஆச்சரியம் கொடுக்கப் போகிறோம் என்ற நினைப்பு. வீட்டுக்கு வந்து கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். சாக்கை அலசி வேலியில் காயப்போட்டேன். அவர் வருவதற்குள் எடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். நினைத்ததோடு சரி, மறுநாள்தான் எடுத்தேன்.

பச்சை ஆடை முதலில் பழுப்பானது. பிறகு உடைந்து அடியில் போனது. ஏழெட்டுச் சின்ன மீன்கள் செத்து மிதந்தன. வெயிலுக்கு மூச்சு முட்டியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அரித்து எடுத்துப் புதைத்தேன். போகி அன்று தண்ணீர் தெளிந்துவிட்டது. அடிமண் தெரிந்தது.

மாட்டுப் பொங்கலன்று காலையில் ஒன்றும் தெரியாதவள்போல அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். "பாத்தீங்களா, தண்ணி தானா தெளிஞ்சிருச்சு." அவர் தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தண்ணீரைப் பார்த்தார். "ஆமா, தெளிஞ்சிருச்சு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை அப்போது நான் சரியாகப் படிக்கவில்லை.

அவர் இறங்கினார். இடது கையில் கயிறு. வேண்டுமென்றேதான் இடது கையில் பிடித்திருந்தார். புள்ளி அவர் பின்னாலேயே இறங்கினாள். செவலை எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. தானாக இறங்கி, தாகத்துக்கு முகத்தைத் தண்ணீரில் வைத்து இழுத்து இழுத்துக் குடித்தாள். புள்ளி குடித்தது கொஞ்சம்தான். அவர் முதுகைத் தேய்க்கத் தேய்க்க, அவள் அவருடைய தோளில் தாடையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். கரையிலிருந்து நான் போனில் ஒரு படம் எடுத்து, ரவாங்கில் இருக்கும் மகளுக்கு அனுப்பினேன். அவள் ஒரு வரிசை இதயம் அனுப்பினாள். பிறகு மாலை போட்டு, பொட்டு வைத்து, பொங்கல் ஊட்டி, சூடம் காட்டினோம். செவலை மாலையையும் தின்றுவிட்டாள். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மறுநாள் காலையில் செவலை எழுந்திருக்கவில்லை. கால்களை மடக்கிக்கொண்டு, தலையைத் தரையில் சாய்த்துப் படுத்திருந்தாள். கிட்டப் போனேன், உதைக்கவில்லை. உதடும் ஈறும் வெள்ளையாக வெளுத்திருந்தன. புள்ளி நின்றுகொண்டிருந்தாள், ஆனால் புல்லைத் தொடவில்லை. மகளுக்குப் போன் போட்டேன், அவள் தேடி நம்பர் அனுப்பினாள், மாட்டு டாக்டருக்குச் சொன்னோம். டாக்டர் வந்து சேர்வதற்கு முன்பே செவலையின் மூச்சு அடங்கிவிட்டது. அவள் தலை என் மடியில் இருந்தது. உயிரோடு இருந்தவரை, பொட்டு வைக்கும் நேரம் தவிர, ஒரு நாளும் என்னைத் தலையைத் தொட விடாதவள்.

டாக்டர் ஒரு இளம் மலாய்ப் பெண். அத்தை, மாமா என்பதுபோல என்னை மக்சிக் என்றும் அவரைப் பாக்சிக் என்றும் அழைத்து, முதலில் வருத்தம் சொன்னாள். பிறகு புள்ளியைத் தட்டிப் பார்த்து, கண்ணை விரித்துப் பார்த்து, ஊசி போட்டு, கரி கரைத்த தண்ணீரைக் குழாய் வழியாக உள்ளே விட்டாள். எந்தத் தண்ணீரைக் குடித்தன என்று கேட்டாள். குட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். பாட்டிலில் தண்ணீர் எடுத்தாள். கரையில் உதிர்ந்து கிடந்த பச்சைப் பொருக்கு ஒன்றைக் குச்சியால் கிளறினாள்.

"இது முன்னாடி பச்சையா இருந்துச்சா?" என்று மலாயில் கேட்டாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த மிகச் சில இடங்களில் அது ஒன்று. அவர்தான் பதில் சொன்னார். "இருந்துச்சு. அப்புறம் தெளிஞ்சிருச்சு. மழை பெஞ்சா தெளியும்ல?" என்றார். மழை பெய்து ஒரு மாதம் ஆகியிருந்தது. டாக்டர் அதை எழுதிக்கொண்டாள்.

அவள் புறப்பட்டபோது காருக்குப் பின்னாலேயே ஓடினேன். கதவைப் பிடித்துக்கொண்டு, நீல மருந்து, சாக்கு, மீன் எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த மலாயில் கொட்டிவிட்டேன். அவள் எஞ்சினை நிறுத்தினாள். சிறு பிள்ளைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள். அது சாதாரணப் பாசி இல்லை, நீலப்பச்சைப் பாசி. கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி இனம். அதில் சில வகைகள் ஈரலைக் கெடுக்கும் விஷத்தை உள்ளே வைத்திருக்கும். உயிரோடு இருக்கும்வரை அந்த விஷத்தில் பெரும்பகுதி அதற்குள்ளேயே இருக்கும். மருந்து போட்டால் எல்லாம் ஒரே நேரத்தில் வெடித்து, உள்ளே இருந்தது மொத்தமும் தண்ணீரில் கலந்துவிடும். பச்சை போய்விடும், விஷம் போகாது. பச்சையாக இருந்தபோது உங்கள் மாடுகள் மோந்து பார்த்துவிட்டுத் தள்ளிப் போயின அல்லவா, தெளிந்த பிறகு அவற்றுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது என்றாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எஸ்டேட்டில் போடும் உரமெல்லாம் வந்து சேர்ந்துதானே இப்படி ஆனது என்று கத்தினேன். அவள் ஆமாம் என்றாள், அதுவும் ஒரு காரணம் என்றாள். பிறகு மெல்லக் கையை நீட்டி எங்கள் கொட்டகையைக் காட்டினாள். தினமும் சாணியைக் கழுவி விடும் கால்வாய் கொட்டகையிலிருந்து நேராக இறங்கி அந்தச் சின்னக் குட்டைக்குள்தான் போனது. அதை வெட்டியவளும் நான்தான்.

"அவருகிட்ட சொல்லிறாதம்மா" என்று தமிழிலேயே கெஞ்சிவிட்டேன். அவளுக்குப் புரிந்ததுபோலத்தான் இருந்தது. தலையை ஆட்டினாள். பிறகு செய்ய வேண்டியதையெல்லாம் சொன்னாள். பாக்சிக் தண்ணீரில் நின்றதால் கிளினிக்குக்குப் போய் ரத்தம் சோதிக்க வேண்டும். கன்றுகளுக்கு மாட்டுப்பால் வேண்டாம், மாவுப்பால் கரைத்துக் கொடுக்க வேண்டும். புள்ளியை வெயிலில் விடவே கூடாது. பால் மடியில் தேங்கினால் வேறு நோய் வரும், அதனால் தினமும் கறக்க வேண்டும். ஆனால் தான் வந்து பார்த்துச் சொல்லும்வரை அந்தப் பாலை ஒருவரும் குடிக்கக் கூடாது.

"காய்ச்சினா?" என்று கேட்டேன். எங்கள் வீட்டில் எதையும் காய்ச்சாமல் குடிப்பதில்லை. குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், மழைத் தண்ணீர் எல்லாம் கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்றுதான் பிறந்ததிலிருந்து நம்பி வந்திருக்கிறேன்.

"காய்ச்சினாலும் போகாது மக்சிக்."

அவருடைய காலில் சிவப்புத் தடிப்புகள் வந்திருந்தன. ரத்தம் கொடுத்துவிட்டு முடிவு வரும்வரை அந்த நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று எனக்கே தெரியாது. ஒன்றும் இல்லை என்று சொன்னார்கள். கிளினிக் வாசலில் நின்று முருகனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டேன். நேர்ந்த பிறகுதான் எந்த மாட்டுப் பால் என்ற நினைப்பு வந்தது.

புள்ளிக்கு அந்த வாரக் கடைசியில்தான் புது வேதனை தொடங்கியது. ஈரல் கெட்ட மாட்டுக்கு வெயில் ஆகாதாம். ஒரு நாள் காலையில் கொட்டகைக் கூரையின் ஓட்டை வழியாக விழுந்த வெயில் போதுமானதாக இருந்தது. உடம்பில் வெள்ளையாக இருந்த இடமெல்லாம் சிவந்து, வெடித்து, தோல் காய்ந்த இலைபோலச் சுருண்டு உரிந்தது. கறுப்பு இடங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூக்கும் காதும்தான் மோசம். அவர் கூரை ஓட்டைகளை அடைத்தார். நான்கு பக்கமும் பழைய தார்ப்பாயைக் கட்டினார். ஒற்றைக் கையோடு ஏணியில் ஏறிய அவரைக் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டே ஏசினேன். டாக்டர் கொடுத்த களிம்பை அவர்தான் தடவினார், அதுவும் இடது கையால். அந்தக் கைக்கு அழுத்தம் குறைவு, அவளுக்கு வலிக்காது என்றார்.

காலையும் மாலையும் கறந்தார். புள்ளி எழுந்து நிற்கவே சிரமப்பட்டாள், ஆனாலும் முக்காலியின் சத்தம் கேட்டால் எழுந்து நின்றாள். அவர் கறந்து வாளியை என்னிடம் கொடுப்பார். நான் அதை வீட்டின் மறுபக்கம், குட்டைக்கு எட்டாத மேட்டில் வெட்டிய குழியில் கொண்டுபோய்க் கொட்டி மண் போட வேண்டும். முதல் நாள் என்னால் முடியவில்லை. பால் சிந்தினால் காலில் மிதிபடாமல் ஓடிப்போய்த் துடைக்கும் வீட்டில் பிறந்தவள் நான். நுரை ததும்பும் வாளியோடு குழிக்குப் பக்கத்தில் நின்றேன், வெள்ளையாக, சுத்தமாக, நல்ல பால்போலவே இருந்தது. குட்டைத் தண்ணீரும் அப்படித்தான் இருந்தது என்று நினைத்துக்கொண்டு கவிழ்த்தேன்.

மூன்று வாரம் அப்படிப் போனது. அந்த மூன்று வாரமும் நான் ஊரையே ஏசினேன். எஸ்டேட்டை ஏசினேன். வெயிலை ஏசினேன். மழையை வராததற்காக ஏசி, வந்த பிறகு கொட்டகை ஒழுகுகிறது என்று ஏசினேன். போனில் மகளை ஏசினேன். அவரை எதற்கெல்லாம் ஏசினேன் என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. செவலை கட்டியிருந்த இடத்தைக் கடக்கும்போது மட்டும் பேச்சு நின்றுவிடும். அவளுடைய முளைக்குச்சியை அவர் பிடுங்கவில்லை, நானும் பிடுங்கவில்லை.

ஒரு நாள் மாலை கறந்துகொண்டே, திரும்பாமல் அவர் கேட்டார். "எத்தன நாளைக்குத்தான் இப்படி எல்லாரையும் ஏசிக்கிட்டே இருக்கப் போற?"

"எனக்கு வாய் அப்படி. இப்பத்தான் தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும். ஆனா இது அந்த வாய் இல்லலா."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. வாளியைக் கீழே வைத்தேன். சாணித் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "நாந்தாங்க. தண்ணி தானா தெளியல. நாந்தான் நீல மருந்து போட்டேன். செவலைய நாந்தான் கொன்னேன்" என்றேன்.

அவருடைய கை நிற்கவில்லை. வலது பக்கம் சர்ரென்றும் இடது பக்கம் மெல்லியதாகவும் பால் விழுந்துகொண்டிருந்தது.

"தெரியும்லா" என்றார்.

"அந்த டாக்டர் பொண்ணு சொல்லிட்டாளா?"

"அவ ஒண்ணும் சொல்லல. அன்னிக்குக் கிளினிக்குலேர்ந்து வந்தப்ப வேலியில சாக்கு காஞ்சிக்கிட்டு இருந்துச்சு. நீலமா. இருவத்திரண்டு வருசம் ஒன் கையிலயும் பாவாடையிலயும் பாத்த நீலம்தான. எனக்குத் தெரியாதா?"

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. அப்படியானால் குட்டைக் கரையில் நான் நாடகம் ஆடியபோதே அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சிரிப்பு அதற்குத்தான். டாக்டரிடம் மழையைப் பற்றிப் பேசியதும் அதற்குத்தான்.

"தெரிஞ்சுமா மாட்ட எறக்குனீங்க? மருந்து போட்ட தண்ணியில?" என்று கேட்டேன். ஏசுவதுபோலத்தான் வந்தது.

இப்போதுதான் அவர் திரும்பினார். "நீ செஞ்ச வேலன்னு தெரிஞ்சதாலதான் எறக்குனேன்" என்றார். "வேற யாரு போட்டிருந்தாலும் எறக்கியிருக்க மாட்டேன்."

நாற்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் யாரும் என்னிடம் அவ்வளவு அன்பாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவ்வளவு வலித்த வார்த்தையும் வேறு இல்லை. அவருடைய முட்டியில் முகத்தை வைத்து அழுதேன். புள்ளி திரும்பி, உரிந்த மூக்கால் என் தலையை மோந்து பார்த்தாள். அவர் இடது கையை என் முதுகில் வைத்தார், பால் ஈரத்தோடு. "சரி, போதும்லா. பாலக் கொட்டிட்டு வா, கொசு கடிக்குது" என்றார்.

மறுநாள் நான் அந்தக் கால்வாயை மண் போட்டு மூடினேன். சாணியை இப்போது மேட்டுப் பக்கம் குவித்து வாழைக்குப் போடுகிறோம். நீல மருந்தில் எஞ்சியதை டாக்டர் பெண்ணிடம் ஒப்படைத்தேன். குட்டை இப்போதும் மழை இல்லாத மாதங்களில் பச்சையாகிறது. கரையில் கம்பி கட்டியிருக்கிறோம். மாடுகள் பிளாஸ்டிக் டிரம்மில் குடிக்கின்றன. யாராவது வந்து தண்ணீர் தெளிந்துவிட்டதே என்று சொன்னால், அவர்களை உட்கார வைத்துச் செவலையின் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. என் வாய்க்கு அந்த ஒரு நல்ல வேலையாவது கிடைத்தது.

டாக்டர் கடைசியாக வந்து ரத்தமும் பாலும் எடுத்துப் போய்ச் சோதித்து, ஒரு காலையில் போனில் கூப்பிட்டாள். புள்ளி தேறிவிட்டாள், இனிமேல் பாலைக் குடிக்கலாம் என்றாள். அன்று கறந்த பாலை நான் மூன்று முறை பொங்க வைத்தேன். காய்ச்சினாலும் போகாது என்று தெரிந்த பிறகும் பொங்க வைத்தேன். இரண்டு டம்ளரில் டீ கலந்தேன். கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்த அவரிடம் கொண்டுபோய், கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். டாக்டர் சொல்லிவிட்டாள், சோதித்தாயிற்று, எல்லாம் தெரியும். ஆனாலும் என் கையால் அவருக்கு எதையும் கொடுக்கவே பயமாக இருந்தது. நான் முதலில் குடித்துப் பார்க்கிறேன், நீங்கள் சாயங்காலமாகக் குடியுங்கள் என்றேன்.

அவர் இடது கையை நீட்டினார். வலது கை மடியில் சும்மா இருந்தது. விளிம்பு வரை நிறைந்த, சூடான டம்ளரை இடது கையால் என்னிடமிருந்து வாங்கினார். விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கிப் பிடித்தன. குழியில் கொட்டிய மூன்று வாரப் பாலையும் கறந்த கை அது. ஒரு சொட்டும் சிந்தவில்லை. ஊதி, ஒரு வாய் குடித்து, என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சீனி பத்தல" என்றார்.

அவருக்குச் சீனி கூடாது. கிளினிக் டாக்டர் சொல்லி ஒரு வருடம் ஆகிறது. தினமும் இதே பேச்சு, தினமும் நான் ஏசுவேன். அன்று ஏசவில்லை. உள்ளே போய் அரைக் கரண்டி எடுத்துக்கொண்டு வந்தேன்.